உரியாத பெயின்ட்: காரின் உட்புற பிளாஸ்டிக் பற்றி வாசகர் கேள்வி–பதில்

காரின் உட்புற பிளாஸ்டிக் பாகங்களுக்கு வீட்டிலேயே ஸ்ப்ரே கேன் வைத்துப் பெயின்ட் அடிப்பது பற்றி வந்திருக்கும் கேள்விகளை இந்த இதழில் மொத்தமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். பல கடிதங்கள் பெயின்ட்டைக் குறை சொல்கின்றன. காரணமோ, பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் செய்யாமல் விட்ட வேலையில்தான் இருக்கிறது.

கேள்வி: பீஜ் நிற டோர் பேடுக்குக் கறுப்பு ஸ்ப்ரே அடித்தேன். இரண்டே மாதத்தில், நகம் பட்டால் தோல் தோலாக உரிகிறது. அதே கேனில் மிச்சமிருந்ததை ஸ்டீரியோவைச் சுற்றியுள்ள பட்டைக்கும் அடித்தேன். அது மட்டும் அசையவே இல்லை. இது எப்படி?
— வாசகர், திருப்பூர்

பதில்: கேன் ஒன்றுதான், பிளாஸ்டிக் வேறு. உங்கள் டோர் பேட் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீனாக இருக்கும். ஸ்டீரியோ பட்டை ஏ.பி.எஸ். ஏ.பி.எஸ்.ஸின் மேற்பரப்பைப் பெயின்ட்டில் உள்ள கரைப்பான் லேசாக இளக்கும், பெயின்ட் அதைக் கடித்துக்கொண்டு உட்காரும். பாலிபுரொப்பிலீனிடம் இது நடக்காது. ஸ்ப்ரே கேனில் இருக்கும் கரைப்பான்கள் அதை இளக்குவதில்லை. அதன் மேல் பெயின்ட் சரியாகப் படர்வதும் இல்லை. பெயின்ட் காய்ந்து ஒரு பிளாஸ்டிக் தாளைப் போல மேலே கிடக்கும், அவ்வளவுதான். கதவை அடிக்கும் அதிர்விலும் வெயில் சூட்டிலும் ஓர் ஓரம் எழும்பினால் மிச்சமும் பின்னாலேயே வந்துவிடும்.

எந்தப் பாகம் எது என்று ஊகிக்க வேண்டாம். ஏர்பேக் இல்லாத பாகம் என்றால் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். எதிரெதிராக நிற்கும் இரண்டு அம்புமுனைகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கின் பெயர் ஆங்கில எழுத்துகளில் வார்க்கப்பட்டிருக்கும். 'பி.பி.' (PP) என்று தொடங்கினால் பாலிபுரொப்பிலீன். அதன் பின்னால் 'டி20' (T20) அல்லது 'டிடி20' (TD20) என்று இருந்தால் 20 சதவீதம் டால்க் பொடி கலந்தது, 'ஈ.பி.டி.எம்.' (EPDM) இருந்தால் ரப்பர் கலந்தது. ரப்பர் கலந்தாலும் அடிப்படையில் அது பாலிபுரொப்பிலீன்தான். 'ஏ.பி.எஸ்.' (ABS) அல்லது பாலிகார்பனேட் கலந்த 'பி.சி.+ஏ.பி.எஸ்.' (PC+ABS) என்றிருந்தால் வேலை எளிது. பொதுவாக டோர் பேட், தூண்களை மூடும் பட்டைகள், கிளவ் பாக்ஸ், வாசற்படித் தகடு ஆகியவை பாலிபுரொப்பிலீன். ஏசி வென்ட்டின் சட்டம், சுவிட்ச் பேனல், நடு கன்சோலின் மேல்பட்டை ஆகியவை ஏ.பி.எஸ். வகை. ஆனால் காருக்குக் கார் மாறும் என்பதால் எழுத்தைப் பார்ப்பதே சரி.

தண்ணீரில் போட்டு, மிதந்தால் பாலிபுரொப்பிலீன், மூழ்கினால் ஏ.பி.எஸ். என்று ஒரு சோதனை சொல்வார்கள். காரின் உட்புற பாகங்களுக்கு அதை நம்பாதீர்கள். சுத்தமான பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி கிட்டத்தட்ட 0.9, அது மிதக்கும். 20 சதவீதம் டால்க் கலந்தால் அடர்த்தி 1.04 பக்கம் போய்விடும். அதுவும் ஏ.பி.எஸ். போலவே மூழ்கும். கார்களில் வருவது பெரும்பாலும் இந்த டால்க் கலந்த ரகம்தான்.

பாலிபுரொப்பிலீனுக்குத் தேவை 'அடீஷன் புரமோட்டர்' (adhesion promoter), அதாவது பெயின்ட்டின் பிடிப்பைக் கூட்டும் அடிப்பூச்சு. கடையில் 'பிளாஸ்டிக் பிரைமர்' என்று கேட்டாலும் தருவார்கள். ஆனால் அந்தப் பெயரில் ஏ.பி.எஸ்.ஸுக்கு மட்டுமான சாம்பல் நிற பிரைமரும் விற்கிறது. கேனின் பின்பக்கத்தில் பாலிபுரொப்பிலீன் அல்லது பி.பி./டி.பி.ஓ. (PP/TPO; டி.பி.ஓ. என்பது ரப்பர் கலந்த ரகம்) என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். சரியான ரகம் பெரும்பாலும் நிறமற்றதாக, மெல்லிய வார்னிஷ் போல இருக்கும். குளோரின் ஏற்றிய பாலியோலிஃபின் என்ற பிசின்தான் இதன் உயிர்: ஒரு கை பாலிபுரொப்பிலீனைப் பிடிக்கும், மறு கை பெயின்ட்டைப் பிடிக்கும். மெல்லியதாக ஒன்று அல்லது இரண்டு கோட் போதும். ஈரம் ஏறுமளவுக்கு அடித்தால் அந்த அடுக்கே பலவீனமாகிவிடும். அதன் மேல் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) போடக் கூடாது. கேனில் எழுதியுள்ள நேரத்துக்குள், பெரும்பாலும் 10 நிமிடம் விட்டு, கலர் அடிக்கத் தொடங்கிவிட வேண்டும். மறுநாள் அடிக்கலாம் என்று வைத்துவிட்டால் அதன் பிடிப்பு குறையும்.

இப்போது உரிகிற உங்கள் டோர் பேடின் மேல் இன்னொரு கோட் அடித்துப் பயனில்லை. அகலமான பேக்கிங் டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் பாதிக்கு மேல் வந்துவிடும். மிச்சத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் நைலான் பிரஷ்ஷும் கொண்டு எடுங்கள். ஒரு துணுக்குகூட விடாமல் எடுத்த பிறகே புதிதாகத் தொடங்க வேண்டும்.

கேள்வி: முதல் தடவையாகச் செய்யப் போகிறேன். நான்கு கதவுகளின் சுவிட்ச் பேனல்களும் கியரைச் சுற்றியுள்ள கன்சோலும் வெளுத்துக் கீறல் விழுந்திருக்கின்றன. என்னென்ன வாங்க வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும்?
— வாசகி, வேளச்சேரி, சென்னை

பதில்: தொடங்குவதற்கு நல்ல பாகங்களைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். சிறியவை, கழற்ற எளியவை.

வாங்க வேண்டியவை: 400 மி.லி. அடீஷன் புரமோட்டர் ஒன்று, அதே அளவில் மேட் (பளபளப்பில்லாத) அல்லது சாட்டின் (லேசான பளபளப்புள்ள) கலர் இரண்டு, மேட் கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) ஒன்று, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அரை லிட்டர், 400, 600 எண் வாட்டர் பேப்பர் இரண்டிரண்டு தாள், சாம்பல் நிற ஸ்கஃப் பேட் (நாரால் ஆன தேய்ப்பான்) ஒன்று, பஞ்சு உதிராத துணி நான்கைந்து, நைட்ரைல் கையுறை, கழற்றுவதற்கு பிளாஸ்டிக் நெம்புகோல் செட். கலர், கிளியர் இரண்டும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையாக இருக்கட்டும். ஒன்றின் கரைப்பான் மற்றொன்றைச் சுருக்கிவிடும் ஆபத்து அப்போது குறையும். ஒரு 400 மி.லி. கேன் முழுமையாக மூடும்படி அடித்தால் சுமார் ஒரு சதுர மீட்டருக்கு வரும். உங்கள் பாகங்களுக்கு ஒன்றே போதும்போலத் தெரியும். ஆனால் கன்சோலின் பக்கவாட்டுகள் நிறைய குடிக்கும். பாதியில் தீர்ந்து வேறு பேட்ச் கேன் வாங்கினால் நிறம் இழையாமல் போகலாம்.

கழற்றும்போது இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் ஓரத்தில் பள்ளம் விழும். அந்தப் பள்ளம் பெயின்ட் அடித்த பின்னும் தெரியும். சுவிட்ச் பேனலை ஒரு முனையில் தூக்கி, அடுத்தடுத்த கிளிப்பை வரிசையாக விடுவியுங்கள். நடுவில் பிடித்து இழுத்தால் கிளிப்பின் கால் முறியும். அடியில் வயர் சாக்கெட் இருக்கும். அதன் பூட்டை அழுத்திய பிறகே இழுக்க வேண்டும். சுவிட்சுகளைப் பின்னாலிருந்து ஸ்க்ரூ கழற்றித் தனியாக எடுத்துவிடுங்கள். டேப் ஒட்டிச் சமாளித்தால் ஓரங்களில் பெயின்ட் பாலம் கட்டி, சுவிட்ச் சிக்கிக்கொள்ளும்.

அடுத்து கழுவுதல். இதை இருமுறை செய்ய வேண்டும், ஒருமுறை வாட்டர் பேப்பருக்கு முன், ஒருமுறை பின். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், பழைய டூத் பிரஷ் போதும். கழுவாமல் வாட்டர் பேப்பர் போட்டால் டாஷ்போர்டு பாலிஷின் எண்ணெயை நாமே கீறல்களுக்குள் தேய்த்து ஏற்றிவிடுவோம். பிறகு எதனாலும் அது வெளியே வராது.

மழமழப்பான பாகமாக இருந்தால் 400, பிறகு 600 எண் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, பளபளப்பு முழுவதும் மங்கும்வரை தேயுங்கள். தோல் போன்ற சொரசொரப்பு உள்ள பாகத்தில் பேப்பர் வேண்டாம். மேடுகள் தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிடும், பள்ளங்களோ தொடப்படாமலே இருக்கும். அங்கே சாம்பல் நிற ஸ்கஃப் பேடில் பாத்திரத் திரவம் விட்டு எல்லாத் திசையிலும் தேய்ப்பதே முறை. சமையலறைப் பச்சை நிறத் தேய்ப்பான் அதைவிட முரடு; அதன் கோடுகள் மேட் பெயின்ட்டில் அப்படியே தெரியும். இரண்டாம் முறை கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் உடனே ஒற்றி எடுங்கள். உலர் துணியால் அழுத்தித் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி, சுற்றியுள்ள தூசியை இழுக்கும். இதற்குப் பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். பெட்ரோல், அசிட்டோன், என்.சி. தின்னர் எதுவும் துடைப்பதற்கு வேண்டாம். ஏ.பி.எஸ். கரைந்து பிசுபிசுக்கும், பாலிகார்பனேட் கலந்த பாகத்தில் மயிரிழை விரிசல்கள் விழும்.

ஸ்ப்ரே அடிக்கும் இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும், காற்று வீசக் கூடாது. ஆடி மாதத்தில் மொட்டை மாடி இதற்கு ஆகாது. பின்பக்கம் திறந்த கார் ஷெட், தரையில் தண்ணீர் தெளித்தது, காலை எட்டு மணிக்கு மேல் என்றால் நல்லது. கேனை உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு நிமிடம் குலுக்குங்கள். மேட் பெயின்ட்டுக்கு இது மிக முக்கியம். பளபளப்பைக் குறைக்கும் பொடி அடியில் தங்கியிருக்கும். குலுக்காவிட்டால் பாதி பாகம் பளபளப்பாகவும் பாதி மங்கலாகவும் வரும். முதலில் பழைய அட்டையில் அடித்துப் பாருங்கள். பாகத்திலிருந்து 20 முதல் 25 செ.மீ. தூரத்தில், விளிம்புக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, மறு விளிம்பைத் தாண்டிய பிறகு விரலை எடுங்கள். பாகத்தின் மேலேயே தொடங்கினால் முதல் துப்பல் அங்கே பொட்டாக விழும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதைப் பாதியளவு மூடட்டும்.

அடீஷன் புரமோட்டருக்குப் பிறகு கலரின் முதல் கோட் பனி படிந்ததுபோல இருந்தால் போதும். அடியில் உள்ள நிறம் தெரிகிறதே என்று பதற வேண்டாம். 10 நிமிடம் விட்டு அடுத்தது. மூன்று அல்லது நான்கு மெல்லிய கோட்களில் முழுக்க மூடிவிடும். மூலைகளையும் ஓரங்களையும் முதலில் அடித்துவிட்டுப் பிறகு அகன்ற பரப்புக்கு வாருங்கள். கடைசியாக மேட் கிளியர் இரண்டு கோட். கை அடிக்கடி படும் பாகங்களுக்கு கிளியர் அவசியம். இல்லாவிட்டால் மோதிரமும் நகமும் சில வாரங்களில் பளபளப்பான தடங்களை உண்டாக்கிவிடும்.

வேலை முடிந்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு வரும்வரை அழுத்துங்கள். நாசில் அடைக்காது, மிச்சம் பிறகு உதவும்.

கேள்வி: எத்தனை சுத்தமாகத் துடைத்தாலும் பெயின்ட் அடித்தவுடன் சிறு சிறு வட்டக் குழிகள் விழுகின்றன. குழியின் நடுவில் பிளாஸ்டிக் தெரிகிறது.
— வாசகர், ஈரோடு

பதில்: பெயின்டர்கள் 'மீன் கண்' என்று சொல்வது இதைத்தான். காரணம் சிலிகான் எண்ணெய். பளபளக்க வைக்கும் டாஷ்போர்டு பாலிஷ்களில் பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது. ஒரு துளி சிலிகான் இருக்கும் இடத்திலிருந்து பெயின்ட் நாலாபக்கமும் விலகி ஓடும். துடைத்தும் போகவில்லை என்றால் துணியை மாற்றாமல் துடைத்திருப்பீர்கள். ஒரே துணி எண்ணெயை எடுப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஒரு பக்கத்தால் ஒரே ஒருமுறை, ஒரே திசையில் துடைத்து, துணியைத் திருப்பி மடியுங்கள்.

குழி விழுந்தவுடன் அதை நிரப்ப மேலே தடிமனாக அடிப்பது எல்லோரும் செய்வது. குழி இன்னும் அகலமாகும். நிறுத்திவிட்டு முழுக்கக் காயவிடுங்கள். குழிகள் மறையும்வரை 600 எண் பேப்பரால் தேயுங்கள். பாத்திரத் திரவத்தாலும், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் சுத்தம் செய்யுங்கள். காய்ந்த பெயின்ட்டை ஆல்கஹால் இளக்கக்கூடும் என்பதால் அழுத்தாமல் விரைவாகத் துடைக்க வேண்டும். அடுத்த இரண்டு கோட்களை 30 செ.மீ. தூரத்திலிருந்து உலர்வாகத் தூவுங்கள். அந்த உலர்ந்த அடுக்கு சிலிகானை மூடிவிட்டால், மேலே வழக்கம்போல அடிக்கலாம். மீன் கண் வராமல் தடுக்கப் பெயின்ட்டில் கலக்கும் சொட்டு மருந்து ஒன்று உண்டு. அதுவே சிலிகான்தான். வீட்டில் அதைத் திறந்தால் அடுத்த வேலைக்கும் தொற்று ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று: அடிக்கும் இடத்தின் அருகே யாரும் டயர் பாலிஷோ டாஷ்போர்டு ஸ்ப்ரேயோ பயன்படுத்தக் கூடாது. காற்றில் மிதந்து வரும் துளியே குழி விழப் போதும்.

கேள்வி: இருபது வருடப் பழைய இறக்குமதிக் கார். ஏசி, ரேடியோ பொத்தான்களும் கதவுக் கைப்பிடியும் வெல்லப்பாகு தடவியதுபோல் ஒட்டுகின்றன. மேலே பெயின்ட் அடித்தால் சரியாகுமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஆகாது. ஒட்டுவது பிளாஸ்டிக் அல்ல, அதன் மேல் தொழிற்சாலையில் பூசப்பட்ட மென்மையான பாலியூரித்தேன் பூச்சு. தொடுவதற்கு ரப்பர்போல இருக்கட்டும் என்று பூசியது. காற்றின் ஈரப்பதமும் சூடும் வருடக்கணக்கில் அதன் மூலக்கூறுகளை அறுத்து, மறுபடியும் பிசினாக்கிவிட்டன. கடலோர ஊர்களில் இது சீக்கிரம் வருவதில் வியப்பில்லை. இளகிய அடுக்கின் மேல் அடிக்கும் எந்தப் பெயின்ட்டும் அதோடு சேர்ந்தே நகரும்.

எடுத்துவிடுவதுதான் வழி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியைக் கைப்பிடியின் மேல் சில நிமிடம் போர்த்தி வைத்துப் பிறகு தேயுங்கள். கறுப்பாக உருண்டு வரும். பிடிவாதமான இடத்துக்குப் பிளாஸ்டிக் கார்டின் விளிம்பு. அடியில் இருப்பது பெரும்பாலும் திடமான ஏ.பி.எஸ்.; சில பாகங்களில் அதன் நிறமே பார்க்க நன்றாக இருக்கும், பெயின்ட்டே தேவைப்படாது.

பொத்தான்களில் மட்டும் அவசரம் வேண்டாம். இரவில் ஒளிரும் பொத்தானின் உடல் வெள்ளை அல்லது ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். அதன் மேல் கறுப்புப் பூச்சு பூசி, குறியீடு இருக்க வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் சுரண்டியிருப்பார்கள். அந்தக் கறுப்பைக் கரைத்துவிட்டால் குறியீடும் போய்விடும், பொத்தான் முழுவதும் பல்புபோல் எரியும். ஓரத்தில் ஒரு பொட்டு மட்டும் துடைத்துப் பாருங்கள். அடியில் வெள்ளை தெரிந்தால் நிறுத்திவிட்டு, பழைய பாகங்கள் விற்கும் கடையில் மாற்றுப் பொத்தான் தேடுவதே நல்லது.

கேள்வி: டாஷ்போர்டின் மேல்பகுதி முழுவதையும் பளபளப்பான கறுப்பாக்க ஆசை. கழற்றாமல், கண்ணாடியை மூடிவிட்டு அப்படியே அடிக்கலாமா?
— வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். இரண்டு காரணங்கள், முதலாவது உயிர் சம்பந்தப்பட்டது.

பயணியின் முன்னால் இருக்கும் டாஷ்போர்டுக்குள் ஏர்பேக் இருக்கிறது. விபத்தில் அது ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் டாஷ்போர்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். எங்கே, எந்த விசையில் கிழிய வேண்டும் என்பது கணக்குப் போட்டுச் செய்தது. பல கார்களில் கிழியும் கோடு மேலே தெரியாது. அடிப்பக்கத்திலிருந்து லேசரால் அரை ஆழம் அறுத்து வைத்திருப்பார்கள். அதன் மேல் பிரைமர், கலர், கிளியர் என்று அடுக்கினால் கிழிதல் தாமதமாகலாம், திசை மாறலாம், காய்ந்த பெயின்ட் சில்லுகள் முகத்தை நோக்கிப் பறக்கலாம். இந்தியாவில் 2019 ஜூலை முதல் ஓட்டுநர் பக்க ஏர்பேக்கும், 2021 ஏப்ரல் முதல் புதிய மாடல்களில் முன்பக்கப் பயணியின் ஏர்பேக்கும் கட்டாயம். ஆகவே புதிய கார் என்றால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'ஏர்பேக்' அல்லது 'எஸ்.ஆர்.எஸ்.' (SRS) என்று பொறித்த எந்தப் பாகத்துக்கும் பெயின்ட், ஸ்டிக்கர், மேலே ஒட்டும் உறைத்தாள் எதுவும் கூடாது: ஸ்டீயரிங்கின் நடு மூடி, டாஷ்போர்டின் அந்தப் பகுதி, சீட்டின் பக்கவாட்டு, திரை ஏர்பேக் உள்ள கார்களில் தூண் பட்டைகள். அவற்றைக் கழற்றவும் முயல வேண்டாம். மஞ்சள் நிற உறையோ சாக்கெட்டோ உள்ள வயரைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, பிரதிபலிப்பு. முன்கண்ணாடி சாய்ந்திருப்பதால் டாஷ்போர்டின் மேற்பரப்பு அதில் விழுந்தே தீரும். பளபளப்பாக இருந்தால் மத்தியான வெயிலில் சாலைக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு வெள்ளைத் திரை விழும். குறுக்கே வரும் ஆள் தெரியமாட்டார். கார்களில் அந்த இடம் மங்கலாக வருவதற்குக் காரணமே அதுதான்.

சூட்டையும் நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கோடையில் கார்களை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தி அளந்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், டாஷ்போர்டின் சராசரி வெப்பநிலை சுமார் 69 டிகிரி செல்சியஸ். மதுரையின் சித்திரை வெயிலும் லேசானதல்ல. சாதாரண ஸ்ப்ரே எனாமல் அந்தச் சூட்டில் தினமும் இளகி இறுகி, விரைவிலேயே வெடிக்கும்.

உங்கள் ஆசையை நடு கன்சோல் பட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே பளபளப்புக் கறுப்பு அழகாகத்தான் இருக்கும்.

கேள்வி: பெயின்ட் காயும்போது வெள்ளைப் புகை படிந்ததுபோல் ஆகிறது. இன்னொரு பாகத்தில் இரண்டாவது கோட் அடித்ததும் மேலெல்லாம் சுருங்கிவிட்டது.
— வாசகர், நாகர்கோவில்

பதில்: முதலாவது ஈரக்காற்றின் வேலை. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றில் உள்ள நீராவி அதன் மேல் படிகிறது. மழை மாதங்களிலும், சூரியன் இறங்கிய பிறகும் அடிக்காதீர்கள். லேசாக வெளுத்திருந்தால் உலர்ந்த நாளில் மெல்லிய கோட் ஒன்று அடித்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

சுருக்கத்துக்குக் காரணம் நேரம். எனாமல் வகைக் கேன்களில் 'ஒரு மணி நேரத்துக்குள் அடி, அல்லது 24 மணி (சிலவற்றில் 48) கழித்து அடி' என்று எழுதியிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே மேல்தோல் மட்டும் இறுகி அடிப்பகுதி பச்சையாக இருக்கும்; புதிய கரைப்பான் உள்ளே இறங்கி அதை ஊதவைக்கும். சுருங்கியதை உடனே தேய்க்க முடியாது, குழையும். இரண்டு மூன்று நாள் விட்டுத் தேய்த்துச் சமன்செய்யுங்கள்.

கேள்வி: ஹார்டனர் கலந்த டூ-கே கிளியர்தான் நீடிக்கும் என்கிறார்கள். அது ஸ்ப்ரே கேனிலும் கிடைக்கிறது. என்-95 மாஸ்க் போட்டுக்கொண்டு வீட்டில் அடிக்கலாமா?
— வாசகர், ஓசூர்

பதில்: நீடிக்கும் என்பது உண்மை. கீறல், வியர்வை, சானிடைசர் எல்லாவற்றையும் அது தாங்கும். ஆனால் அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதன் துளியை மூச்சில் இழுப்பது ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறு அளவே மூச்சை அடைக்கும். வெளியிலிருந்து சுத்தக் காற்று தரும் மாஸ்க்கோடு, பெயின்ட் பூத்தில் (பெயின்ட் அடிப்பதற்கென்றே உள்ள அறையில்) செய்ய வேண்டிய வேலை இது. கைப்பிடி, கியர் கன்சோல் போன்றவற்றுக்கு டூ-கே வேண்டும் என்றால், கலர்வரை நீங்கள் அடித்துவிட்டு, கிளியரை மட்டும் பெயின்ட் பூத் உள்ள பட்டறையில் கொடுங்கள். எந்தக் கலர் அடித்தீர்கள் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சாதாரணக் கேனுக்கும் என்-95 போதாது. அது தூசியைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் அதன் முன்னால் துகள் வடிகட்டியும் பொருத்தும் அரைமுக மாஸ்க் வாங்குங்கள். மாஸ்க்கின் உள்ளே பெயின்ட் வாசனை வரத் தொடங்கினால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது என்று பொருள். கேனை வெளியே தள்ளும் வாயு தீப்பிடிக்கக்கூடியது. அடுப்பு, ஊதுபத்தி, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் எதுவும் பக்கத்தில் ஆகாது. கேன் 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்பதால், வெயிலில் நிற்கும் காரில் அதை வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: கதவின் உள்கைப்பிடியில் குரோம் உரிந்து விரலைக் கிழிக்கிறது. மேலே கறுப்பு அடித்துவிடலாமா?
— வாசகி, சேலம்

பதில்: அது பெயின்ட் இல்லை, ஏ.பி.எஸ். மேல் மின்முலாம் பூசிய உலோகப் படலம். உரிந்த விளிம்பு பிளேடைப் போல அறுக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். உரியும் பகுதியை எல்லாம் பிய்த்தெடுத்து, பிடிப்போடு இருக்கும் இடம்வரை 240 எண் பேப்பரால் விளிம்பைச் சரிவாக்கி, 400ஆல் மழுக்குங்கள். வெறும் குரோம் பெயின்ட்டைப் பிடிக்காது. உலோகத்துக்கான எட்ச் பிரைமர் ஒரு கோட் வேண்டும். உரிதல் பாதிக்கு மேல் போயிருந்தால் கைப்பிடியையே மாற்றுவது மலிவு. உள்ளே இருக்கும் கேபிளைக் கழற்றும்போது அதன் கொக்கி எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சொரசொரப்பான டோர் பேடில் ஆழமான கீறல். பட்டி வைத்து மூடலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: கீறல் மறையும், பட்டி வைத்த இடம் வழவழப்பான தழும்பாகத் தெரியும். பாலிபுரொப்பிலீனில் சாதாரணப் பட்டி நிற்கவும் நிற்காது. கீறலின் இருபுறமும் எழும்பிய விளிம்பை மட்டும் பிளேடால் சீவிவிட்டு மேட் பெயின்ட் அடியுங்கள். நிறம் ஒன்றானால் கண் அந்தக் கீறலைத் தேடாது. ஹாட் ஏர் கன் காட்டினால் அந்த இடம் உருகிப் பளபளக்கும், தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: அடித்த பாகங்களை எப்போது மாட்டலாம்? பிடிப்பு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பிறகு எதைக் கொண்டு துடைப்பது?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: தொட்டால் ஒட்டாத நிலை அரை மணியில் வந்துவிடும். அதைப் பார்த்து ஏமாந்து அன்றே மாட்டுகிறவர்கள் அதிகம். ஸ்க்ரூவின் தலை பெயின்ட்டை முறுக்கிக்கொண்டு போகும், கிளிப்பை மாட்ட விரலால் அழுத்திய இடத்தில் கைரேகை பதியும். குறைந்தது ஒரு முழு நாள் விடுங்கள். ஒரு வாரம் வெளியிலேயே காயவைக்க முடிந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் மிச்சமிருக்கும் கரைப்பான் மூடிய காருக்குள் வெளியேறி, ஓட்டுபவருக்குத் தலைவலி தரும். மாட்டிய பிறகும் சில நாட்கள் கிளம்புமுன் கதவுகளைத் திறந்து வைத்து, கண்ணாடியை இறக்கி ஓட்டுங்கள்.

பிடிப்பை அறிய, பாகங்களோடு சேர்த்து அதே பிளாஸ்டிக்கில் பார்வைக்குப் படாத இடம் ஒன்றிலும் (டோர் பேடின் மடிந்த பின்விளிம்பு ஏற்றது) அதே கோட்களை அடித்திருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து, புதிய பிளேடால் 2 மி.மீ. இடைவெளியில் ஆறு கோடுகள், அவற்றுக்குக் குறுக்கே ஆறு கோடுகள் கீறுங்கள். 25 சிறு கட்டங்கள் கிடைக்கும். நல்ல பிடிப்புள்ள டேப்பை அதன் மேல் அழுத்தி ஒட்டி இழுங்கள். கட்டங்கள் எதுவும் வரவில்லை என்றால் கவலையில்லை. மூலைகளில் பொடி மட்டும் வந்தாலும் ஏற்கலாம். முழுக் கட்டங்கள் டேப்போடு வந்தால், காரில் இருக்கும் பாகமும் அப்படித்தான் ஒட்டியிருக்கிறது. வெளிப்படையாக உரிவதற்கு முன்பே எடுத்துவிட்டு மறுபடி செய்வது குறைந்த வேலை.

துடைக்க நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி போதும். அழுக்கு அதிகமென்றால் தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு. முதல் மாதம் ஷாம்புவும் வேண்டாம். ஹார்டனர் இல்லாத பெயின்ட்டை ஆல்கஹால் இளக்கும் என்பதால், சானிடைசர் தடவிய கை காய்வதற்கு முன் கதவைப் பிடிக்காதீர்கள். கொசு விரட்டும் களிம்புகளில் உள்ள டீட் என்ற வேதிப்பொருள் அதைவிட மோசம். பெயின்ட்டை மட்டுமல்ல, அடியில் உள்ள ஏ.பி.எஸ்.ஸையும் கரைக்கும். குழந்தைகளுக்குக் களிம்பு தடவிக் காரில் ஏற்றினால் கைகளை முதலில் துடைத்துவிடுங்கள்.